நோசில் இல்லாமல் பட்டர்கிரீமில் டிசைன் போட முடியுமா?

மாடிவீட்டு_அடுப்படி (மதுரை), புதன் இரவு 9.40

வணக்கம். அக்கா மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். ஏழு வயது முடிகிறது. கேக்கை நானே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஸ்பாஞ்ச் எனக்குப் பழகிய வேலை. மேலே அலங்காரம்தான் கவலை. வருஷத்துக்கு இரண்டு மூன்று கேக் செய்கிறவள் கிரீம் பிழிகிற நோசில் செட்டும் கேக்கை வைத்துச் சுற்றுகிற டர்ன்டேபிளும் வாங்கிப் பரணில் போட்டுவைக்க மனசில்லை.

வீட்டில் இருக்கிற சாமானை வைத்தே பட்டர்கிரீமில் டிசைன் போடலாம் என்று கேள்விப்பட்டேன். இன்று மதியம் சின்னக் கேக் ஒன்றில் முள்கரண்டியால் கோடு இழுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு கோடு நன்றாக வந்தது. மூன்றாவது இழுப்பில் கிரீம் முள்கரண்டியோடு பெயர்ந்து வந்து உள்ளே ஸ்பாஞ்ச் தெரிந்தது. அரை மணி நேரத்தில் பக்கவாட்டுக் கிரீம் முழுக்கச் சரிந்து அடியில் சேர்ந்துவிட்டது.

நான் போட்ட அளவு: வெண்ணெய் 200 கிராம், ஐசிங் சுகர் 250 கிராம், பால் 4 மேசைக்கரண்டி. தப்பு கிரீமிலா, முள்கரண்டியிலா? நோசில் வாங்கித்தான் ஆக வேண்டுமா?


கோவை_அடுமனை, புதன் இரவு 10.15

தோழி, நோசில் வாங்க வேண்டாம். முள்கரண்டியும் போதும். உங்கள் கிரீம்தான் பதத்துக்கு வரவில்லை. வெல்லப் பாகுக்குக் கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்று பார்க்கிறோம் இல்லையா, பட்டர்கிரீமுக்கும் அப்படி ஒரு பதம் இருக்கிறது. அது அமைந்தால் தீக்குச்சி போதும். அது அமையாவிட்டால் எந்த நோசிலாலும் பயனில்லை.

அளவை இப்படி மாற்றுங்கள். உப்பில்லா வெண்ணெய் 250 கிராம், சலித்த ஐசிங் சுகர் 500 கிராம், அதாவது எடையில் ஒன்றுக்கு இரண்டு. பால் 2 மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதையும் கடைசியில் தேவை பார்த்துச் சொட்டுச் சொட்டாக. நீங்கள் சர்க்கரையைக் குறைத்துப் பாலைக் கூட்டியிருக்கிறீர்கள். மதுரை மதிய வெயிலில் அது நிற்காது. வெண்ணெய் 32 டிகிரியை நெருங்கினாலே உருக ஆரம்பிக்கும். 20 டிகிரி சுற்றுவட்டாரத்தில்தான் அது சொன்ன பேச்சுக் கேட்கும். விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. அதுதான் அடிக்க ஆரம்பிக்கிற நேரம்.

வெண்ணெயை மட்டும் முதலில் 5 நிமிஷமாவது அடியுங்கள், மஞ்சள் வெளுக்கும் வரை. பிறகு சர்க்கரையை மூன்று நான்கு தடவையாகச் சேருங்கள். கடைசி 2 நிமிஷம் பீட்டரைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, அப்புறம் மரக்கரண்டியால் கிண்ணத்தின் ஓரத்தோடு அழுத்தித் தேயுங்கள். உள்ளே இருக்கிற காற்றுக்குமிழி போக வேண்டும். குமிழி இருந்தால் கோடு இழுக்கும்போது அங்கங்கே ஓட்டை விழும்.

இனி சோதனை. ஒரு எவர்சில்வர் தட்டில் கிரீமை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பூசி முள்கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரண்டு கரையும் வரப்பு மாதிரி நிமிர்ந்து நின்றால் பதம். கரை மடிந்து உள்ளே விழுந்தால் இளக்கம், கிண்ணத்தை 10 நிமிஷம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கரை பொடிப்பொடியாக உடைந்தால் இறுக்கம், அரைத் தேக்கரண்டி பால் போதும்.

ஸ்பாஞ்ச் ஏன் தெரிந்தது என்றால், ஒரே பூச்சில் டிசைனும் போட்டிருக்கிறீர்கள். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, துகளெல்லாம் அதில் சிக்கட்டும் என்று அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டாவது பூச்சு அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். முள்கரண்டிக்கு உழ நிலம் வேண்டுமே. ஒவ்வொரு இழுப்புக்கும் முள்கரண்டியை ஈரத்துணியில் துடைத்துவிடுங்கள். மூன்றாவது இழுப்பில் பெயர்ந்து வந்தது முள்ளில் ஒட்டியிருந்த பழைய கிரீமால்தான்.


நாகர்கோவில்_கைமணம், வியாழன் காலை 6.50

கோவை அக்கா சொன்ன தட்டுச் சோதனையை நானும் எப்போதும் செய்வேன். முள்கரண்டியை விட எனக்குப் பிடித்தது தேக்கரண்டியின் முதுகு. முதல் முறை செய்கிறவர்களுக்கு இதை விட நல்ல டிசைன் கிடையாது. ஒரு தடவை நிதானமாகச் சொல்கிறேன், பக்கத்தில் நின்று பார்ப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

கிரீமை ஒரு கவரில் போட்டு நுனியை வெட்டிக்கொள்ளுங்கள். கேக்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் பொட்டு வையுங்கள், ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. நாலு இஞ்ச் உயரக் கேக்குக்கு ஐந்து பொட்டு வரும். இப்போது தேக்கரண்டியின் முதுகுப்பக்க நுனியை முதல் பொட்டின் நடுவில் மெல்ல அழுத்தி, அப்படியே வலது பக்கமாக ஒரு இஞ்ச் இழுத்து எடுங்கள். பொட்டின் இடது ஓரம் தடித்த கரையாக நிற்கும், வலது பக்கம் மெலிந்து வால் போலத் தேயும். பார்க்க ரோஜா இதழ் மாதிரியே இருக்கும். கரண்டியைத் துடைத்துவிட்டு அடுத்த பொட்டு. ஐந்தும் முடிந்ததும், அந்த வால்களின் மேல் அடுத்த வரிசைப் பொட்டு வையுங்கள். முதல் வரிசையின் வால் இரண்டாவது வரிசையின் பொட்டுக்கு அடியில் மறைந்துவிடும்.

இப்படியே சுற்றி வந்தால் மீன் செதில் அடுக்கியது போல வரும். கடைசி வரிசையை மட்டும் இழுக்க இடம் இருக்காது, வெறும் பொட்டாகவே நிற்கும். அதைக் கேக்கின் பின்புறமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீமை மூன்று கிண்ணமாகப் பிரித்து அடர் ரோஸ், இளம் ரோஸ், வெள்ளை என்று மேலிருந்து கீழாக வைத்தால் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெல் கலர் வாங்குங்கள், தண்ணீர்க் கலர் கிரீமை இளக்கிவிடும். நிறம் போகப் போகக் கூடும், அதனால் நினைத்ததை விட ஒரு படி குறைவாகவே கலக்குங்கள்.


சேலம்_ருசி, வியாழன் காலை 8.05

இதழ் டிசைனை நானும் செய்திருக்கிறேன், அருமையாக வரும். ஒரு சின்னச் சேர்க்கை: பூக்கட்டுகிற நூலால் கேக்கைச் சுற்றி அளந்து, நூலை எட்டாக மடித்து, அந்த அளவுக்குப் பல்குத்தும் குச்சியால் அடையாளம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். எட்டு இஞ்ச் கேக்கின் சுற்றளவு 25 இஞ்ச் வரும், ஆக மூன்று இஞ்சுக்கு ஒரு அடையாளம். வரிசை சாயாமல் நேராக நிற்கும்.


யாழ்_குசினி, வியாழன் காலை 10.30

எங்கட ஊரில் பிறந்தநாள் என்றால் பட்டர் கேக்கும் பட்டர் ஐசிங்கும்தான். அம்மா காலத்தில் வெண்ணெய்க்குப் பதில் மாஜரின் போட்டு அடிப்பார்கள், பாதிக்குப் பாதி போடுவதும் உண்டு. வெயில் தாங்குவதற்காகத்தான் அது. உங்களுக்கு மதுரை வெக்கை பெரிய கவலை என்றால் வெண்ணெயில் கால் பங்கை எடுத்துவிட்டு மாஜரின் சேர்த்துப் பாருங்கோ. ருசி கொஞ்சம் குறையும், ஆனால் டிசைன் நிற்கும்.

நான் சொல்ல வந்தது வேறு விஷயம். ஐசிங் சீனி கூடுதலாகப் போட்ட கிரீமின் மேற்பரப்பு 15 நிமிஷத்தில் காய்ந்து மெல்லிய தோல் பிடிக்கும். விரலால் தொட்டால் ஒட்டாது. அந்த நேரத்தில் கிச்சன் பேப்பரை மேலே விரித்துக் கையால் மெல்லத் தடவினால், பேப்பரில் இருக்கிற புள்ளி, பூ எல்லாம் கிரீமில் அப்படியே பதியும். துவைத்துக் காயவைத்த லேஸ் துணியும் அதே வேலை செய்யும். கை சூடு படாமல் உள்ளங்கையை அடிக்கடி எடுத்து எடுத்துத் தடவ வேணும். மேலே லேஸ் பதிவு, பக்கத்தில் முள்கரண்டிக் கோடு. என் மகளின் பிறந்தநாளுக்கு இந்த இரண்டை மட்டும் வைத்துத்தான் செய்தேன்.


பரண்_பெட்டி (திருச்சி), வியாழன் மதியம் 1.20

கவர் என்று நாகர்கோவில் தோழி சொன்னாரே, எங்கள் வீட்டில் அது பால் கவர்தான். அரை லிட்டர் பால் கவரின் பிளாஸ்டிக் கனமானது, அழுத்தினால் வெடிக்காது. சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, உள்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கொடியில் காயவைப்பேன்.

நுனியை எப்படி வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நேராகச் சின்னதாக வெட்டினால் பொட்டு, எழுத்து. மூலையைத் தட்டையாக அமுக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் சரிவாக வெட்டி அம்பு முனை போல விட்டால் இலை வரும், நடுவில் நரம்புக் கோட்டோடு. அகலமாக ஒன்றரை சென்டிமீட்டர் நேராக வெட்டினால் நாடா வரும்.

அந்த நாடாவில் கூடை முடையலாம். மேலிருந்து கீழாக ஒரு நாடா. அதன் குறுக்கே சின்னச் சின்னத் துண்டு, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு நாடா அகல இடைவெளி. துண்டுகளின் வலது முனைகளை மூடுகிற மாதிரி அடுத்த நெடுக்கு நாடா. இப்போது விட்ட இடைவெளிகளில் இந்த நாடாவைத் தாண்டிக் குறுக்குத் துண்டு. ஓலைப்பெட்டி முடைந்து பழகிய என் பாட்டி இதை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறு பக்கத்தை அவரே முடித்துக்கொடுத்தார். என்னுடைய பக்கத்தை விட அது நேராக இருந்தது.


சேலம்_ருசி, வியாழன் மதியம் 2.45

இலை வெட்டுக்கு நன்றி. ஆனால் பால் கவரில் எனக்கு உடன்பாடு இல்லை. மடிப்பில் பால் பிசுக்கு தங்கும். எவ்வளவு கழுவினாலும் ஒரு வாடை இருக்கிறது. கேக் சாப்பிடப் போவது சின்னப் பிள்ளைகள். புதுக் கவர் விலை எவ்வளவு ஆகிவிடும்?


பரண்_பெட்டி (திருச்சி), வியாழன் மாலை 4.10

உங்கள் கவலை நியாயம்தான். வீட்டுக்குள் சாப்பிடுகிற கேக்குக்கு மட்டும்தான் நான் பால் கவர் எடுக்கிறேன், அதுவும் அன்றைக்குக் காலையில் வெட்டியது. அடிமூலை மடிப்பை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கழுவுவேன். வெளியாட்களுக்கு என்றால் புதுக் கவர் அல்லது பட்டர் பேப்பரில் கூம்பு. கடலைக்குப் பொட்டலம் மடிப்பது போலச் சுருட்டி, வாயை மடித்துவிட்டால் பிரியாது. மதுரைத் தோழி பிறந்தநாள் கூட்டத்துக்குச் செய்வதால் பட்டர் பேப்பரே எடுங்கள்.


தேனி_மலையடி, வியாழன் மாலை 6.00

முறுக்கு அச்சு யாரும் முயன்றிருக்கிறீர்களா? முள்ளு முறுக்கு வில்லை அசல் நட்சத்திர நோசில் மாதிரிதானே இருக்கிறது!


கோவை_அடுமனை, வியாழன் மாலை 7.25

முயன்றிருக்கிறேன். இரண்டு கையாலும் அழுத்துகிற அச்சு சரிப்படாது. முறுக்கு மாவு இறுக்கமானது, அழுத்தத்தை நிறுத்தினால் நின்றுவிடும். கிரீம் நிற்காது, வந்துகொண்டே இருக்கும். திருகு அச்சு தேவலை. எவர்சில்வர் திருகு அச்சை 20 நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கிரீமைக் காற்றில்லாமல் அமுக்கி நிரப்பி, அரைத் திருகு, நிறுத்து, அரைத் திருகு, நிறுத்து என்று போனால் கேக்கின் அடி ஓரத்துக்கு நல்ல முறுக்குக் கயிறு கிடைக்கும். பக்கவாட்டில் பிழிய முடியாது, அச்சு கனம்.

இன்னும் எளிய வழி உண்டு. வில்லையை மட்டும் கழற்றிக் கவருக்குள் போட்டுப் பார்த்தேன், விளிம்பு கவரைக் கிழித்துவிட்டது. அதை விட்டுவிட்டு, டீ வடிகட்டியை எடுங்கள். பச்சை நிறக் கிரீமை வடிகட்டிக்குள் வைத்துக் கரண்டியால் அழுத்தினால் அந்தப் பக்கம் மெல்லிய இழையாக வெளிவரும். அதைக் கத்தி முனையால் வழித்துக் கேக்கின் மேல் வையுங்கள், புல் தயார். வெள்ளையில் செய்தால் ஆட்டுக்குட்டி ரோமம்.


நெல்லை_வாசல், வியாழன் இரவு 8.50

கோல அச்சை விட்டுவிட்டீர்களே! கோயில் வாசலில் விற்கிற துளை போட்ட தட்டு, தாமரை, மயில், விளக்கு என்று எத்தனை. குளிர்ந்து தோல் பிடித்த கேக்கின் மேல் அதை வைத்து, ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வேறு நிறக் கிரீமை மெல்லிசாக ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். தட்டை நேர் மேலாகத் தூக்கினால் பூ அப்படியே நிற்கும். கிரீம் வேண்டாம் என்றால் டீ வடிகட்டியில் கோக்கோ தூளைச் சலித்துவிடலாம்.


சேலம்_ருசி, வியாழன் இரவு 9.15

யோசனை அழகு, ஆனால் வாசலில் புழங்கிய தட்டை யாரும் எடுத்துவிடாதீர்கள். கோலப்பொடியில் பெரும்பாலும் கல்மாவு, துளைக்குள் அடைந்திருக்கும். தகரத் தட்டில் துருவும் இருக்கலாம்.


நெல்லை_வாசல், வியாழன் இரவு 9.30

சரியாகச் சொன்னீர்கள், நான் எழுதாமல் விட்டது தவறு. என்னிடம் இருப்பது சமையலறைக்கென்றே புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் தட்டு, வாசலுக்குப் போனதே இல்லை. கிடைக்காதவர்கள் பட்டர் பேப்பரைக் கேக் அளவுக்கு வட்டமாக வெட்டி, மூன்று தடவை மடித்து, கல்யாணப் பந்தலுக்குக் காகிதம் வெட்டுவது போலக் கத்தரித்து விரித்தால் எட்டு இதழ்க் கோலம் கிடைக்கும். கோக்கோ தூளுக்கு அது நன்றாகவே போதும். கிரீம் வழிக்கத் தாங்காது.


கோடு_பிரியை (சென்னை), வெள்ளி காலை 7.10

பக்கவாட்டில் இரண்டு நிறக் கோடு போட்டால் எப்படிச் செய்தீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். ஐஸ்கிரீம் டப்பா மூடியின் தட்டைப் பகுதியைச் செவ்வகமாக வெட்டி, ஒரு விளிம்பில் மட்டும் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சதுரப் பற்களாக வெட்டுங்கள். கோட்டைவாசல் மதில் மாதிரி. இன்னொரு விளிம்பு நேராகவே இருக்கட்டும்.

வெள்ளைக் கிரீமைக் கனமாகப் பூசி, பல் விளிம்பை ஒட்டிப் பிடித்துக் கேக்கைச் சுற்றுங்கள். பள்ளமும் மேடுமாக வரும். ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம், கல்லு மாதிரி ஆகட்டும். பிறகு பள்ளங்களில் இன்னொரு நிறக் கிரீமைக் கொஞ்சம் இளக்கமாக நிரப்பி, நேர் விளிம்பால் சுற்றிச் சுற்றி வழியுங்கள். முதல் இரண்டு சுற்றில் நிறமெல்லாம் கலந்து அப்பிக்கிடக்கும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். மேலே இருக்கிற அதிகக் கிரீம் போகப் போக மூன்றாவது நான்காவது சுற்றில் கோடு கத்தி வைத்து வெட்டியது போல வெளியே வரும். அந்த நிமிஷத்துக்காகவே நான் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன்.

சுற்றுவதற்கு டர்ன்டேபிள் இல்லையே என்றால்: விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றில் கோலிக்குண்டுகளை ஒரே அடுக்காக நிரப்பி, அதற்கு மேல் அடிப்பாகம் தட்டையான, கொஞ்சம் சின்னத் தட்டை வையுங்கள். வழவழவென்று சுற்றும். கேக்கைச் சரியாக நடுவில் வைக்க வேண்டும், அது முக்கியம்.


மாடிவீட்டு_அடுப்படி (மதுரை), வெள்ளி இரவு 10.00

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கோவை அக்கா சொன்ன அளவில் இன்று அடித்துத் தட்டுச் சோதனை பார்த்தேன். கோட்டின் கரை நின்றது! விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து அந்த வரப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாளை மாலை கேக்கில் செய்கிறேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, அக்கா வீட்டில் அதிக இனிப்பு சாப்பிட மாட்டார்கள். இரண்டு, கேக்கை ஆட்டோவில் அரை மணி நேரம் கொண்டுபோக வேண்டும்.


கோவை_அடுமனை, வெள்ளி இரவு 10.40

இனிப்புக் குறைய வேண்டும் என்றால் மைதாக் காய்ச்சிச் செய்கிற பட்டர்கிரீம் உண்டு. ஒரு கப் பாலில் 5 மேசைக்கரண்டி மைதாவும் ஒரு கப் சர்க்கரையும் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, முழுக்க ஆறவிட்டு, அடித்த வெண்ணெய் ஒரு கப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடிக்க வேண்டும். பட்டுப்போல இருக்கும், முட்டையும் இல்லை. ஆனால் அது தோல் பிடிக்காது, யாழ்ப்பாணத் தோழி சொன்ன பேப்பர் வேலை நடக்காது. நாளை முதல் தடவை என்பதால் நீங்கள் பதம் பழகிய கிரீமையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை உப்பும் கால் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் இனிப்பு அடங்கித் தெரியும். ஸ்பாஞ்சில் சர்க்கரையைக் கொஞ்சம் குறையுங்கள், நடுவில் கிரீமுக்குப் பதில் புளிப்பான பழ ஜாம் தடவுங்கள்.

ஆட்டோவுக்கு: இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துக் கடைசி நிமிஷத்தில் பெட்டியில் எடுத்துப் போங்கள். மடியில் வைக்காதீர்கள், கால்சூடு அடியில் ஏறும். காலடியில் தட்டையாக வைத்து, பெட்டிக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. போய்ச் சேர்ந்ததும் உடனே பெட்டியைத் திறக்க வேண்டாம். குளிர்ந்த கேக்கில் வெளிக்காற்று பட்டால் வேர்த்து நிறம் ஓடும். அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும்.


மாடிவீட்டு_அடுப்படி (மதுரை), ஞாயிறு இரவு 9.20

முடிந்தது. பக்கவாட்டில் தேக்கரண்டி இதழ், மூன்று ரோஸ். மேலே லேஸ் துணிப் பதிவு. நடுவில் பட்டர் பேப்பர் கூம்பில் இலையும் பொட்டும். பூக்கட்டுகிற நூலால் அளந்ததால் வரிசை ஒன்று கூடச் சாயவில்லை. வெண்ணெய் மஞ்சளாக இருந்ததால் வெள்ளைக்குப் பல்குத்தும் குச்சி நுனியில் ஊதா நிறம் துளி சேர்த்தேன், மஞ்சள் அடங்கியது.

வழியில் ஒரு வேகத்தடையில் பெட்டி சாய்ந்து, ஒரு பக்கம் நாலு இதழ் நசுங்கிவிட்டது. நெஞ்சு பதறிப்போனது. ஆனால் மிச்சக் கிரீமைக் கூம்போடு எடுத்துப் போயிருந்தேன். நசுங்கியதைக் கரண்டியால் வழித்துவிட்டுப் பொட்டு வைத்து இழுத்தேன், பத்து நிமிஷ வேலை. அக்கா மகள் பக்கத்தில் நின்று கரண்டியைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். கடைசி இதழை அவளே இழுத்தாள். கேக் வெட்டும்போது, நான் செய்த இதழ் எனக்கு என்று அந்தத் துண்டைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு கப் கிரீம் மிச்சம் இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?


கோவை_அடுமனை, ஞாயிறு இரவு 9.45

மனசு நிறைந்துவிட்டது தோழி. காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும், ஃபிரீசரில் மூன்று மாசம். வெங்காயம், பூண்டு பக்கத்தில் வைக்காதீர்கள், வெண்ணெய் வாடையை இழுத்துக்கொள்ளும். எடுக்கும்போது வெளியே வைத்து இளகவிட்டு, மறுபடி ஒரு தடவை அடித்துத் தட்டுச் சோதனை பாருங்கள்.


நாகர்கோவில்_கைமணம், திங்கள் காலை 6.30

அந்த ஒரு கப்பை வைத்துத் தட்டிலேயே முள்கரண்டி அலை பழகுங்கள் தோழி. இழுக்கும்போது கையை மேலும் கீழும் மெல்ல ஆட்டினால் போதும். வழித்து மறுபடி பூசிக்கொள்ளலாம், கிரீம் வீணாகாது. குட்டி அடுத்த தடவை வரும்போது அவள் கையிலும் ஒரு முள்கரண்டி கொடுங்கள்.